புகைபோக்கியே இல்லாத இடத்தில் உமிழ்வுக் குறைப்பை எப்படி அளக்கிறார்கள்?

காற்றாலையிலும் நீர்மின் நிலையத்திலும் புகையே வராதபோது, "இத்தனை ஆயிரம் டன் குறைத்தோம்" என்று எதை அளந்து சொல்கிறார்கள் எனக் கேட்டிருக்கிறீர்கள். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளின் இத்தகைய கணக்குகளைச் சில ஆண்டுகள் சரிபார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உண்மையில் அளக்கப்படுவது மின்சாரம் மட்டுமே. மின்தொகுப்புக்குச் சென்ற நிகர யூனிட்டுகளை, அவை வராதிருந்தால் தொகுப்பிலுள்ள மற்ற நிலையங்கள் வெளியிட்டிருக்கக்கூடிய கரியமில வாயுவின் அளவைக் குறிக்கும் ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். உமிழ்வைக் குறைக்கும் திட்டங்களுக்கு விற்கத்தக்க கார்பன் வரவு தரும் கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை வளர்ச்சிப் பொறிமுறை இந்தக் காரணியை இரண்டு கூறுகளாகப் பிரித்தது: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களின் உமிழ்வு 'ஆப்பரேட்டிங் மார்ஜின்', அண்மையில் கட்டப்பட்டவற்றின் உமிழ்வு 'பில்ட் மார்ஜின்'. இந்தியாவுக்கான இரண்டையும் மத்திய மின்சார ஆணையம் கணக்கிட்டு வெளியிடுகிறது. காற்று நினைத்த நேரத்தில் வீசாது. அதை நம்பிப் புதிய அனல்மின் நிலையத்தைத் தவிர்ப்பது கடினம் என்பதால் காற்றாலைக்கு 75:25 (முதல் எண் ஆப்பரேட்டிங் மார்ஜினுக்கு) என்றும், நீர்மின்சாரத்துக்கு வரவு பெறும் முதல் ஏழாண்டுக் காலத்தில் 50:50 என்றும் எடை தருகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: 2 மெகாவாட் காற்றாலை 25 விழுக்காடு திறனில் ஓடினால் ஆண்டுக்கு 43.8 லட்சம் யூனிட், அதாவது 4,380 மெகாவாட் மணி கிடைக்கும். காரணி மெகாவாட் மணிக்கு 0.935 டன் என்றால் குறைப்பு ஏறத்தாழ 4,095 டன்.

ஒரு முறை மீட்டரின் சோதனைச் சான்று பிந்தியதால், அந்த மாதங்களின் அளவிலிருந்து 0.2 விழுக்காட்டைக் கழிக்கச் சொன்னோம். உரிமையாளர் மிகவும் வருந்தினார். மேலே சொன்ன கற்பனைக் கணக்கில் அதை முழு ஆண்டுக்கும் கழித்தாலும் போவது 8 டன்தான். காரணி 0.05 மாறினாலோ 219 டன் மாறிவிடும்! மீட்டரைத் துருவிய அளவுக்குக் காரணியை யாரும் துருவுவதில்லை என்பது என் பழைய மனக்குறை.

நீர்மின்சாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீரில் மூழ்கிய தாவரங்கள் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு. ஆகவே நிலையத்தின் திறனை நீர்த்தேக்கத்தின் பரப்பால் வகுத்துப் பார்க்கிறார்கள். சதுர மீட்டருக்கு 4 வாட் அல்லது அதற்குக் கீழே என்றால் புதிய நீர்த்தேக்கத் திட்டத்துக்கு வரவு பெறத் தகுதியே இல்லை. 10 வாட் வரை, கணக்கிட்ட குறைப்பிலிருந்து மெகாவாட் மணிக்கு 90 கிலோ கழிக்கப்படும். அதற்கு மேல் கழிவு இல்லை. பிரேசிலின் பால்பினா அணை 250 மெகாவாட்டுக்காகச் சுமார் 2,360 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்தது. அதன் விகிதம் 0.1 வாட்தான். பிரேசிலும் பராகுவேயும் பகிர்ந்துகொள்ளும் இதாய்ப்பூ, 14,000 மெகாவாட்டும் 1,350 சதுர கிலோமீட்டரும் கொண்டு, 10 வாட்டைச் சற்றே தாண்டிவிடுகிறது.

உங்கள் கையில் ஏதேனும் திட்ட அறிக்கை இருந்தால், காரணி எந்த ஆண்டுத் தரவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். தொடக்கத்திலேயே அதை நிலைப்படுத்திக்கொள்ள விதி இடம் தருவதால், தொகுப்பில் சூரிய மின்சாரம் பெருகிய பின்னும் பழைய நிலக்கரிக் காலத்து எண்ணே ஏழாண்டுகள் வரை பெருக்கலில் நின்றுகொண்டிருக்கலாம்.