வாடகை வீடும் வெஸ்ட்மின்ஸ்டரும்: வாசகர் கேள்வி, பதில்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஓராண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு, 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். குடித்தன ஒப்பந்தங்களைப் பற்றிய அதன் முக்கிய விதிகள் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வருகின்றன. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

கேள்வி: காரணம் சொல்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிடலாமே? அதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள்? (ஈஸ்ட் ஹாம் வாசகி)

பதில்: நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரிக்கு நேர் எதிரான வரியின் மேல்தான் இங்கிலாந்தின் தனியார் வாடகைச் சந்தை ஒரு தலைமுறைக் காலம் நின்றது. தாட்சர் அரசு 1988இல் கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒப்பந்தக் காலம் முடிந்த வாடகைதாரரை இரண்டு மாத அறிவிப்போடு வெளியேற்ற உரிமையாளருக்கு வழி செய்தது. நாள் தவறாமல் வாடகை கட்டினேன், வீட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன் என்று நீதிபதியிடம் சொல்லி வாடகைதாரரால் பயன்பெற முடிந்ததில்லை, ஏனெனில் அங்கே வழக்கே நடத்தையைப் பற்றியதில்லை. அந்தப் பிரிவின் பெரிய விளைவு, அறிவிப்பு வந்த வீடுகளைவிட வராத வீடுகளில்தான் இருந்தது என்பது என் கருத்து. குளியலறைச் சுவரில் பூஞ்சணம் படர்ந்தாலும், கொதிகலன் குளிர்காலத்தில் நின்றுபோனாலும், புகார் செய்தால் அடுத்த தபாலில் என்ன வருமோ என்று வாய்மூடி இருந்தவர்களை எந்த நீதிமன்றப் புள்ளிவிவரமும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

இந்தப் பிரிவை நீக்குவோம் என்று 2019 ஏப்ரலில் முதலில் வாக்குறுதி தந்தது தெரசா மேயின் கன்சர்வேட்டிவ் அரசுதான். மசோதா வந்ததோ 2023 மே மாதத்தில், மைக்கேல் கோவ் அமைச்சராக இருந்தபோது. நீதிமன்றங்களைச் சீர்திருத்திய பிறகே 21ஆம் பிரிவை நீக்கலாம் என்று சொந்தக் கட்சியின் பின்வரிசை உறுப்பினர்கள் (அமைச்சர் பதவியில் இல்லாதவர்கள்) வற்புறுத்த, மசோதா நீர்த்துக்கொண்டே போய், 2024 மே மாதம் நாடாளுமன்றம் கலைந்தபோது காலாவதியானது. ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று தன் மசோதாவைக் கொண்டுவந்தது.

நீதிமன்றத்தைப் பற்றிய வாதத்தை வெறும் சாக்கு என்று நான் ஒதுக்க மாட்டேன். 21ஆம் பிரிவின் கீழ் வந்த வழக்குகளில் பல, நேரடி விசாரணையே இல்லாமல் தாள்களைப் பார்த்து முடிக்கப்பட்டவை. இனி ஒவ்வொன்றிலும் காரணம் நிரூபிக்கப்பட வேண்டும் என்றால் நீதிபதியின் நேரம் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் நீதிமன்றம் எந்த நாளில் தயாராகும் என்று சொல்ல மறுத்துக்கொண்டே காத்திருக்கச் சொன்னவர்கள், மாற்றத்தையே விரும்பவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து 2017 டிசம்பரிலேயே, காரணமில்லாத வெளியேற்றத்துக்கு இடமில்லாத ஒப்பந்த முறைக்கு மாறிவிட்டது.

கேள்வி: எனக்கு இருப்பது வாடகைக்கு விட்ட ஒரே வீடு. மகனுக்குத் திருமணமானால் அந்த வீடு எனக்குத் திரும்பக் கிடைக்காதா? (ஹாரோ வாசகர்)

பதில்: கிடைக்கும். நீங்களோ உங்கள் நெருங்கிய குடும்பத்தாரோ குடியேறுவதும், வீட்டை விற்பதும் சட்டம் ஏற்றுக்கொள்ளும் காரணங்கள். குடித்தனம் தொடங்கி முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் இக்காரணங்களுக்காக வெளியேற்ற முடியாது; நான்கு மாத அறிவிப்பும் தர வேண்டும். வாடகை பாக்கிக்காகக் கட்டாய வெளியேற்றம் கோர, முன்பு இரண்டு மாத பாக்கி போதுமாக இருந்தது, இனி மூன்று மாதம் வேண்டும். அறிவிப்புக் காலமும் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாகிறது. குறித்த காலத்துக்கான ஒப்பந்தங்கள் மறைந்து எல்லாமே தொடர் குடித்தனமாகிவிடுவதால், வாடகைதாரர் இரண்டு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதையும் நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரு அவைகளும் உண்மையில் மல்லுக்கு நின்ற இடம் வேறு. விற்கப்போவதாகச் சொல்லி ஆளை அனுப்பிய உரிமையாளர், பன்னிரண்டு மாதங்களுக்கு அந்த வீட்டை மறுபடி வாடகைக்கு விடக் கூடாது என்று மசோதா சொன்னது. அதை ஆறு மாதமாகக் குறைக்க மேலவையான பிரபுக்கள் சபை திருத்தம் கொண்டுவந்தது, கீழவை மறுத்துவிட்டது. வாங்குபவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் வீடு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்குமே என்ற பிரபுக்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அப்படிச் சிக்கிக்கொள்ளும் நேர்மையான உரிமையாளர் சிலர் இருக்கவே செய்வார்கள். ஆயினும் தடைக்காலம் குறுகக் குறுக, ‘விற்கப்போகிறேன்’ என்ற சொல்லே இன்னொரு 21ஆம் பிரிவாக மாறிவிடும் ஆபத்து கூடுகிறது. கீழவை செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நாய் வளர்க்கலாமா?

பதில்: எழுத்து மூலம் கேளுங்கள், தகுந்த காரணமின்றி உரிமையாளர் மறுக்க முடியாது. இதற்காக மூன்று வார வாடகையைக் கூடுதல் முன்பணமாக வாங்கப் பிரபுக்கள் சபை வழி கேட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான வீடுகளுக்கு வாங்கக்கூடிய ஐந்து வார முன்பணமே போதும் என்று சொல்லி அரசு அதை ஏற்கவில்லை. சேதக் காப்பீடு எடுக்கச் சொல்லலாம் என்று மசோதாவில் முதலில் இருந்த விதியையும் அரசே எடுத்துவிட்டது. நாடே வீட்டு வாடகை கட்ட முடியாமல் தவிக்கும்போது நாய்க்கு இத்தனை நேரமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நாயை விட்டுவிட்டு வந்தால்தான் வீடு என்று சொல்லப்பட்டவர்கள் அப்படி முணுமுணுக்க மாட்டார்கள்.

கேள்வி: வெளியேற்றத்தைத் தடுத்தவர்கள் வாடகைக்கு உச்சவரம்பு விதிக்காதது ஏன்? வாடகையை உயர்த்தியே ஆளை வெளியேற்றிவிடலாமே? (குரோய்டன் வாசகர்)

பதில்: இந்த விவாதத்தின் உயிர்நாடியைப் பிடித்துவிட்டீர்கள். தொழிற்கட்சி உறுப்பினர் பவுலா பார்க்கர், குடியிருப்பவருக்கான வாடகை உயர்வு விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று திருத்தம் முன்வைத்தார். வீட்டுவசதி அமைச்சர் மேத்யூ பெனிகுக் தரப்பு அதற்கு இணங்கவில்லை. கட்டுப்பாடு வந்தால் முதலீடு குறையும், வாடகை வீடுகளின் எண்ணிக்கையும் தரமும் தாழும் என்பது அரசின் நிலை.

கட்டுப்பாடு இந்த நாட்டுக்குப் புதிது இல்லை. 1915இல் கிளாஸ்கோ நகரில் போர்த்தளவாடத் தொழிலாளர்கள் குவிந்த பகுதிகளில் உரிமையாளர்கள் வாடகையை ஏற்றியபோது, மேரி பார்பர் முதலிய பெண்கள் முன்நின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்தில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் சேர்ந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் வாடகையை 1914 ஆகஸ்டு அளவில் நிறுத்தி நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. போர்க்காலத்துக்கு மட்டும் என்று வந்த கட்டுப்பாடு, பல உருவங்களில் 1988 வரை நீண்டது. அந்த உருவங்களில் 1965ஆம் ஆண்டின் ‘நியாய வாடகை’ முறையை இப்போது யாரும் நினைவுகூர்வதில்லை என்பது எனக்கு வருத்தம். வீட்டின் வயது, நிலை, இடம் ஆகியவற்றைக் கருதி, வீட்டுப் பற்றாக்குறையால் மட்டுமே ஏறிய பகுதியைக் கழித்துவிட்டு வாடகையை நிர்ணயிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தட்டுப்பாடு உரிமையாளரின் உழைப்பால் விளைந்த மதிப்பு ஆகாது என்ற எளிய எண்ணம் அதற்குள் இருந்தது.

புதிய சட்டப்படி வாடகை உயர்வு பற்றிய முறையீடுகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கு அந்த அளவுகோல் கிடையாது. வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைதான், இரண்டு மாத அறிவிப்போடுதான் உயர்த்தலாம். அதிகம் என்று தோன்றினால் வாடகைதாரர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உரிமையாளர் கேட்டதைவிடக் கூடுதலாக விதிக்கத் தீர்ப்பாயத்துக்கு இனி அதிகாரமில்லை. முன்பு இருந்தது, அதற்கு அஞ்சியே பலர் போகாமல் இருந்தார்கள். இவை நல்ல மாற்றங்கள். ஆனால் தீர்ப்பாயம் பார்ப்பது திறந்த சந்தையில் அந்த வீட்டுக்கு என்ன வாடகை கிடைக்கும் என்பதைத்தான். தெரு முழுவதும் வாடகை ஏறினால் தீர்ப்பாயத்தின் கணக்கும் கூடவே ஏறும். வரம்பு மீறிய ஒரு உரிமையாளரை இதனால் தடுக்க முடியும். சந்தையே வரம்பு மீறும்போது முடியாது.

உச்சவரம்பு ஆதரவாளர்களும் ஸ்காட்லாந்தின் பாடத்தைப் படிக்க வேண்டும். அங்கே 2022 செப்டம்பரில் உயர்வு அறவே நிறுத்தப்பட்டு, பின்னர் 2024 மார்ச் இறுதி வரை 3 விழுக்காட்டுக்குள் வைக்கப்பட்டது. வரம்பு குடியிருப்பவருக்கு மட்டும் என்பதால், வீடு காலியானபோதெல்லாம் புதிதாக வருபவரிடம் உரிமையாளர் விரும்பியதைக் கேட்க முடிந்தது. 2025இல் நிறைவேறிய அந்நாட்டுச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்கிறது: கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்படும் இடங்களில், ஆள் மாறினாலும் உயர்வு விலைவாசி உயர்வோடு ஒரு விழுக்காடு, எப்படிப் பார்த்தாலும் 6 விழுக்காட்டுக்கு மேல் இல்லை.

கேள்வி: சட்டம் வந்துவிட்டது. வாடகை குறையுமா? (டூட்டிங் வாசகி)

பதில்: குறையாது. வீடு தேடும்போது ஏற்படும் சில வதைகள் குறையும்: விளம்பரத்தில் சொன்ன வாடகைக்கு மேல் ஏலம் கேட்கவோ ஏற்கவோ கூடாது, ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டிக் கேட்கக் கூடாது, குழந்தைகள் இருப்பதாலோ அரசு உதவித்தொகை பெறுவதாலோ வீடு இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் அந்த உதவித்தொகையே வாடகைக்கு எட்டுவதில்லை. ஒரு பகுதியின் நூறு வாடகை வீடுகளை விலை வரிசையில் நிறுத்தினால் மலிவான முப்பதுக்கு எட்டும்படி அது கணக்கிடப்பட வேண்டும். 2020 முதல் நான்கு ஆண்டுகள் அப்படியே உறைந்து கிடந்து, 2024 ஏப்ரலில் சரிசெய்யப்பட்டு, அடுத்த ஆண்டே மறுபடி உறைந்துவிட்டது. பாகுபாடு காட்டாதே என்று உரிமையாளரிடம் சொல்லும் அரசு, தன் கையிலுள்ள தொகையை உயர்த்தாமல் இருப்பது எனக்கு முரணாகவே படுகிறது.

மற்றதெல்லாம் வீடு கட்டுவதைப் பொறுத்தது. 1980 முதல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 இலட்சம் உள்ளாட்சி வீடுகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாகக் கட்டப்பட்டவை மிகக் குறைவு. பத்தாண்டுகளில் 3,900 கோடி பவுண்டு செலவில் சுமார் 3 இலட்சம் மலிவு வீடுகள், அவற்றில் குறைந்தது 60 விழுக்காடு சமூக வாடகைக்கு (சந்தையைவிட மிகக் குறைந்த வாடகைக்கு) என்று அரசு அறிவித்திருக்கிறது. உள்ளாட்சிகளின் காத்திருப்புப் பட்டியலில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

ஆகவே, அடுத்த வாடகை உயர்வு அறிவிப்பு வந்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் அதே அளவுள்ள வீடுகளுக்கு வந்த விளம்பரங்களைத் தேதியோடு சேர்த்து வையுங்கள், வீட்டிலுள்ள குறைகளைப் படம் எடுத்து வையுங்கள், புதிய வாடகை தொடங்கும் நாளுக்கு முன்பே தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பியுங்கள். அந்த நாள் கடந்துவிட்டால் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.