நாட்குறிப்பில் எதை எழுதுவது?

மதிப்பிற்குரிய ஐயா,

சிறுகதை எழுத வேண்டும் என்ற ஆசை எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. அதற்குப் பயிற்சியாக ஒவ்வொரு ஜனவரியிலும் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறேன். பொங்கல் கழிந்ததும் நின்றுவிடுகிறது. வங்கிக்குச் சென்று திரும்பும் வாழ்க்கையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? எழுதிய சில பக்கங்களும் மனக்குறைகளின் பட்டியலாகவே இருக்கின்றன. இதைப் பழக்கமாக்கிக்கொள்வது எப்படி?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

நீங்கள் ஒவ்வோர் இரவும் அந்த நாளைப் பற்றிய தீர்ப்பை எழுத உட்காருகிறீர்கள் என்று தோன்றுகிறது. 'சலிப்பான நாள்', 'மனம் சரியில்லை' போன்ற தீர்ப்புகள் இரண்டு வாரங்களில் தீர்ந்துபோகும். கண்டதும் கேட்டதும் அப்படித் தீர்வதில்லை.

பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும்) விளங்கிய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பரில் தம் நாட்குறிப்பைத் தொடங்கும்போதே, காதால் கேட்பதையும் கண்ணால் காண்பதையும் கப்பல்களின் வரவையும் போக்கையும் நடக்கும் புதுமைகளையும் எழுதப்போவதாகத் தமக்கு ஒரு வரையறை செய்துகொண்டார். இடையிடையே விடுபடல்கள் இருந்தாலும் 1761 ஜனவரி வரை அந்தக் குறிப்புகள் நீள்கின்றன. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது தம்மிடம் வந்தவர்கள் என்ன சொன்னார்கள், தாம் என்ன மறுமொழி கூறினார் என்பதையெல்லாம் அக்காலப் பேச்சு நடையிலேயே அவர் பதிந்திருக்கிறார். எதை எழுதுவது என்ற கேள்விக்கு முதல் நாளிலேயே விடை கண்டுவிட்டதும் அவரது பழக்கம் நிலைத்ததற்கு ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

உங்களுக்கும் அத்தகைய வரையறை ஒன்று வேண்டும். அன்று பார்த்த ஒரு செயல், காதில் விழுந்த ஒரு வாக்கியம், இவ்வளவு போதும். நகைக்கடன் பிரிவில் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும் பெண், மதிப்பீட்டாளரின் தராசைப் பார்க்கிறாரா, அவர் முகத்தைப் பார்க்கிறாரா? ரசீதை மடித்து எங்கே வைத்துக்கொள்கிறார்? உடன் வந்தவரிடம் என்ன சொல்கிறார்? அவர் சொன்னதைத் திருத்தாமல், அவருடைய வட்டார வழக்கிலேயே எழுதுங்கள். (பெயரும் கணக்கு விவரமும் வேண்டாம், வாடிக்கையாளரின் நம்பிக்கை உங்கள் எழுத்தைவிடப் பெரியது.) 'பாவமாக இருந்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்தச் சொல் நீங்கள் பார்த்த அனைத்தையும் மூடிவிடும்.

இத்தகைய குறிப்பு படைப்புக்கு எவ்வாறு உதவும் என்பதற்கு டோரதி வேர்ட்ஸ்வொர்த் நல்ல சான்று. 1802 ஏப்ரல் 15 அன்று ஆங்கிலக் கவிஞரான அண்ணன் வில்லியமுடன் ஏரிக்கரையில் நடந்தபோது கண்ட டாஃபடில் மலர்களில், சில களைத்துக் கற்களின்மேல் தலைசாய்த்திருந்ததையும் மற்றவை காற்றில் ஆடியதையும் அவர் தம் குறிப்பில் எழுதிவைத்தார். அதே மலர்களைப் பற்றிய வில்லியமின் புகழ்பெற்ற கவிதை 1807இல்தான் அச்சேறியது.

நடைமுறையில், நேரத்தைப் பழைய வழக்கம் ஒன்றோடு பிணைத்துவிடுங்கள். இரவு உணவு முடிந்தவுடன் என்று வைத்துக்கொள்ளலாம். விட்டுப்போன நாட்களைப் பின்னர் இட்டு நிரப்ப முயல வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கடன்தான் நோட்டுப் புத்தகத்தை மூடவைக்கிறது. வலப்பக்கத்தில் மட்டும் எழுதி இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து, உங்களை நிறுத்தும் ஒரு குறிப்பைத் தேர்ந்துகொண்டு, அந்தப் பெண் வங்கியிலிருந்து வெளியேறிய பிறகு எங்கே சென்றிருப்பார், வீட்டில் யாரிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதை எதிரே உள்ள வெற்றுப் பக்கத்தில் உங்கள் கற்பனையிலிருந்து எழுதுங்கள்.