லயத்துக் காம்பராவில் ஒரு ஜாம்பிக் காதல்

கேள்வி: எனக்கு வயது 23. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. ஐசக் மேரியனின் ‘வார்ம் பாடிஸ்’ நாவலைப் படித்ததிலிருந்து, அந்த மாதிரி ஒரு ஜாம்பிக் (செத்தும் எழுந்து நடமாடும் பிணம்) காதல் கதையை நம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வைத்து எழுதக் கை துறுதுறுக்கிறது. அண்ணன், “வெள்ளைக்காரன் பேய்க்கதை நமக்கு எதுக்கு? எழுதுறதா இருந்தா சம்பளப் பிரச்சினையை எழுது” என்கிறார். அம்மா, “செத்தவனைப் போய் எவளாவது விரும்புவாளா?” என்று சிரிக்கிறார். எழுதலாமா, விட்டுவிடவா?

பதில்: எழுதுங்கள் தங்கச்சி.

முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தால் முன்வரிசையில் பாய் விரித்து உட்காருவது யார்? சிவன் மதனை எரித்துவிடுகிறார். ரதி புலம்புகிறாள், கூட்டமே கண்ணைத் துடைக்கிறது, பிறகு அவனுக்கு உயிர் எழுப்புகிறார்கள். செத்தவனை விரும்புகிறவள் கதையைத்தானே மலையகம் தலைமுறை தலைமுறையாக விடிய விடியப் பார்க்கிறது!

அண்ணனுக்கு வேறு பதில். ஜாம்பி வெள்ளைக்காரன் பெற்ற பிள்ளை இல்லை. ஹைட்டியில் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் பயத்திலிருந்து வந்த உருவம் அது. செத்தாலாவது வேலையிலிருந்து விடுதலை என்று நினைத்தால், மந்திரவாதி எழுப்பி மறுபடியும் வேலைக்கு நிறுத்திவிடுவானே என்ற பயம். 1932இல் வந்த ‘வைட் ஜாம்பி’ படத்தில்கூட அவை சர்க்கரை ஆலையில் வேலைதான் செய்கின்றன. கூட்டமாக வந்து மனிதரைத் தின்பதெல்லாம் 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்துக்குப் பிறகு பரவிய பழக்கம். ஆக, தோட்டத்துக் கதை தோட்டத்துக்கே வருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, “கொழுந்து பறிக்கும் நம் சனங்கள்தான் ஜாம்பிகள்” என்று உருவகம் கட்டிவிடாதீர்கள். எனக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, மிச்சம் மீதி இருந்தவர்களுக்கு 2003இல்தான் முழுமையாகக் குடியுரிமை கிடைத்த சமூகம் இது. பேர் இல்லாமல் இருந்தோம், செத்துக் கிடக்கவில்லை. உங்கள் கதையில் ஒருவன் ஜாம்பியாக இருக்கட்டும், லயம் உயிரோடு இருக்கட்டும்.

மேரியனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அவருடைய நாயகனுக்குப் பேர் மறந்துவிட்டது. ‘ஆர்’ என்ற முதல் எழுத்து மட்டும் ஞாபகம். கைவிடப்பட்ட விமான நிலையத்தில் ஒரு விமானத்துக்குள் பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருக்கிறான். வாய் திறந்தால் ஓரிரண்டு சொல் வருவதே பெரும்பாடு. மனசுக்குள்ளோ நிறுத்தாமல், அழகாக, நையாண்டியாகப் பேசிக்கொண்டே இருக்கிறான். நாவலே அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. உங்கள் ஆளை, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் நிறுத்திப் பாருங்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிறார், இவனுக்குத் தன் பேர் தெரியவில்லை. மத்தியானம் வரைக்கும் தள்ளாடியதற்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் போட்டுவிடுவார் பாருங்கள்! அவன் உள்ளுக்குள் என்ன நினைப்பான்? அங்கே சிரிப்பு வந்துவிட்டால் கதை பிழைத்துவிடும். சம்பளப் பிரச்சினையும் தானாக உள்ளே வந்துவிடும், அண்ணனுக்கும் சந்தோஷம்.

இன்னொன்று, இதுதான் கடினம். ஆர் நல்ல பையன் இல்லை. நாயகி ஜூலியின் காதலனைக் கொன்று மூளையைத் தின்கிறான். அதோடு செத்தவனின் ஞாபகங்களும் இவனுக்குள் வந்துவிடுகின்றன. ஜூலி மேல் வரும் அன்பில் எது இவனுடையது, எது அந்தப் பையனுடையது என்று பிரிக்கவே முடியாது. உண்மை ஒருநாள் அவளுக்குத் தெரிய வேண்டும். பேர்களைப் பார்த்தாலே ரோமியோ ஜூலியட் சாயல் தெரியும், பால்கனிக் காட்சிகூட உண்டு. ஆனால் அங்கே குறுக்கே நின்றது குடும்பப் பகை. இங்கே நிற்பது அவனே செய்த கொலை. இந்த முடிச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளைப் பவுடர் பூசிய ஒரு பையனின் சாதாரணக் காதல். உங்கள் ஜாம்பி யாருக்கு என்ன செய்துவிட்டான்? அவளுடைய அப்பாவையா, கூடப் படித்தவனையா? அதை முடிவு செய்யாமல் பேனாவை எடுக்காதீர்கள்.

எடுத்த எடுப்பில் நாவல் வேண்டாம். மேரியனும் முதலில் ஒரு சிறுகதையாக எழுதி இணையத்தில்தான் போட்டார். அது வளர்ந்து 2010இல் நாவல், 2013இல் சினிமா. பல்கலைக்கழகம் போனவரும் இல்லை. சாகக் கிடக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குக் கட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைகூடச் செய்திருக்கிறார். அப்படிப்பட்டவர் சாவை வைத்து விளையாடும்போது கை நடுங்காததில் ஆச்சரியமில்லை.

இடத்துக்கு உங்களுக்குப் பஞ்சமே இல்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். மூழ்கின ஊரிலிருந்து ஒருவன் ஈரச் சட்டையோடு மேட்டு லயத்துக்கு நடந்து வருகிறான் என்று ஆரம்பித்தால் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன். பத்துப் பக்கம் எழுதுங்கள், போதும்.

அப்புறம், ரதி புலம்பல் வரிகளை அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் உதவும். எழுதி முடிக்கும்வரை அண்ணனிடம் காட்ட வேண்டாம். புத்தகம் வந்தால் காசு கொடுத்து வாங்கிப் படிக்கட்டும்.