கட்டையா, எழுத்தா?

கேள்வி: அக்கா, என் மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். எந்நேரமும் ஸ்கிரேட்ச் என்ற நிரல் எழுதும் செயலியில் பூனையை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறாள். "இதெல்லாம் விளையாட்டு, நேராகப் பைத்தான் என்ற நிரல்மொழி வகுப்பில் சேர்த்துவிடு" என்கிறார் என் அண்ணன். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், தாப்பா

பதில்: அவசரப்படாதீர்கள், தங்கச்சி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் ஆய்வுக்கூடம் 2007-இல் ஸ்கிரேட்சை வெளியிட்டதே பிள்ளைகளுக்காகத்தான். அதில் கட்டளைகள் கட்டைகளாக இருக்கும்; எழுதாமல் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் போதும். பொருந்தாத கட்டை ஒட்டாது. அதனால் புள்ளி விட்டோமா, எழுத்து விட்டோமா என்ற பயமில்லாமல், எதற்கப்புறம் எது என்பதை மட்டும் பிள்ளை யோசிக்கலாம்.

இங்கே சுங்கை சிப்புட்டில் என் அம்மா ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரப் பட்டையில் கோடு வெட்டியவர். மழையில் பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. காய்ந்திருந்தால் மரத்துக்குப் போ, கோட்டில் காய்ந்த பாலை உரி, கோடு வெட்டு, பால் வடியும் மங்குக் கோப்பையை நிமிர்த்தி வை, அடுத்த மரம். நிரை என்ற அந்த மர வரிசை முடியும்வரை இதேதான். சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளை முதலில் இதைத்தான் கட்டைகளாக அடுக்கச் சொல்வேன். 'காய்ந்திருந்தால்' என்ற நிபந்தனையும், 'முடியும்வரை' திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சியும் அதிலேயே வந்துவிடும்.

கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் பைத்தானும் வேண்டும்தான். யாரும் சொல்லித்தராமல் அவளாக ஒரு சின்ன விளையாட்டைச் செய்து முடித்ததும் தொடங்குங்கள். பைத்தானோடு கூடவே சொன்னபடி நகர்ந்து திரையில் கோடு போடும் 'டர்ட்டில்' என்ற ஆமை வரும். 1967-இல் பிள்ளைகளுக்காகப் பிறந்த லோகோ நிரல்மொழியின் ஆமை வழிவந்தது. ஸ்கிரேட்சில் போட்ட சதுரத்தையே அதிலும் போடச் சொல்லுங்கள்: 100 அடி நட, 90 பாகை திரும்பு, நான்கு முறை.

போன மாதம் ஒரு பையனின் ஆமை சதுரம் போடாமல் 400 அடி நேராகப் போய்க் கடைசியில் ஒரே ஒரு முறை திரும்பியது. 'திரும்பு' வரியை அவன் முன்னால் இடம் விட்டு உள்தள்ளி எழுதவில்லை. பைத்தானில் உள்தள்ளாமல் எழுதினால் அது சுழற்சிக்கு வெளியே போய்விடும். "நிரை முழுக்க வெட்டிவிட்டு, கடைசி மரத்துக்கு மட்டும் மங்கு வைத்தால் என்னடா ஆகும்?" என்றேன். "பாலெல்லாம் மண்ணுக்குப் போயிடும் டீச்சர்" என்றவன், தானே அந்த வரிக்கு முன்னால் நான்கு இடைவெளி தட்டினான். கட்டைகளில் சுழற்சியை அடுக்கிப் பழகிய கை அது.

ஸ்கிரேட்ச், பைத்தான் இரண்டுமே இலவசம். இணையமில்லாமல் ஓடும் ஸ்கிரேட்சும் உண்டு. ஒருமுறை மடிக்கணினியில் இறக்கிவைத்தால் போதும். அண்ணன் அடுத்த முறை வரும்போது, அந்தப் பூனை ஏன் ஓடுகிறது என்று ஒவ்வொரு கட்டையாகக் காட்டி அவளையே விளக்கச் சொல்லுங்கள்.