துரியோதனனுக்கு மண்ணு அடிச்சவர் பேரு

அண்ணா வணக்கம்,

நான் செய்யாறு பக்கம். சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. நாங்க 5 பேர் சேந்து போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்துல 3 நாள் கலை விழா நடத்துனோம். மொத நாள் நாடகம், ரெண்டாம் நாள் இசை, மூணாம் நாள் ஓவியக் கண்காட்சி. கண்காட்சிக்கு 40 பேர் வந்திருந்தா அதிகம், அதுல பாதி எங்க சொந்தக்காரங்க. சென்னைக்கு சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கு, கூத்துப்பட்டறை நாடகக் குழு இருக்கு, மார்கழி சீசன் இருக்கு. எங்க பக்கம் கலைச்சூழல்னு ஒண்ணுமே இல்ல, ஜனங்களுக்கு ரசனையும் இல்ல. இதை எப்படி உருவாக்குறது? நிதி யார்கிட்ட கேக்கலாம்? சென்னைலேர்ந்து விமர்சகர்களைக் கூட்டிட்டு வரணுமா? இன்ஸ்டாகிராம்ல எப்படிப் போடணும்? (பேர் வெளிய வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

ஷிஃப்டும் பாத்துக்கிட்டு, கைக்காசு போட்டு, 3 நாள் விழா நடத்தியிருக்கீங்க. அதுக்கு முதல்ல என் அன்பு. உங்களுக்கு நாலு வரியில பதில் போட்டுட்டு விட்டிருப்பேன், ஆனா உங்க கடிதம் வந்த நேரம் அப்படி. ரெண்டு வாரமா ஒருத்தர் பேரை ஞாபகப்படுத்திப் பாத்துக்கிட்டே இருக்கேன், வரவே மாட்டேங்குது. எங்க ஊர் பாரதத்துல, அதாவது திரௌபதி அம்மன் கோயில் கூத்துத் திருவிழாவுல, துரியோதனனுக்கு மண்ணு அடிச்சவர், மண்ணுல அவன் உருவத்தைச் செஞ்சவர். அவரைப் பத்தி சொல்றேன், அதுக்கு முன்னாடி உங்க கேள்விகளை முடிச்சுடுவோம்.

இன்ஸ்டாகிராம்ல போடுங்க, அதுல என்கிட்ட கேக்க ஒண்ணுமில்ல. விமர்சகர் யாரும் வேணாம். நிதிக்கு, உங்க பக்கம் பாரதம் வைக்கிற ஒரு ஊருக்குப் போய், தலைக்கட்டு வரி, அதான் குடும்பத்துக்கு இவ்ளோன்னு போடற வரி, எப்படிப் போடறாங்க, யார் வசூல் பண்றாங்க, வெளியூர் வேலைக்குப் போனவன் எவ்ளோ அனுப்பறான், கணக்கை எப்படி ஊர் நடுவுல படிக்கிறாங்கன்னு உக்காந்து கேளுங்க. இத்தனை நாள் பிரசங்கம், இத்தனை ராத்திரி கூத்துன்னு வருஷா வருஷம் நடத்தற ஜனங்களுக்குத் தெரியாத நிதி விவரம் எந்த ஆபீஸ்லயும் கிடையாது.

இப்ப திட்டறேன், கோச்சுக்காதீங்க. "எங்க பக்கம் ஒண்ணுமே இல்ல"ன்னு செய்யாறுல உக்காந்து எப்படி எழுத முடிஞ்சுது உங்களால? தெருக்கூத்துக்குப் பேர் போன புரிசை உங்களுக்கு பைக்ல போற தூரம். 1977ல ந. முத்துசாமி ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைய சொல்றீங்களே, அந்த நடிகர்கள் யார்கிட்ட அடவு கத்துக்கிட்டாங்க? புரிசைக் கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரான்கிட்ட. சென்னைக்காரங்க தேடி வந்து கத்துக்கிட்டது உங்க மண்ணுல, நீங்க அதைச் சென்னைக் கணக்குல எழுதறீங்க. அந்தப் பக்கம் காஞ்சிபுரம் கிட்ட புஞ்சரசந்தாங்கல்ல 2002லேர்ந்து 2020 வரைக்கும் கட்டைக்கூத்து குருகுலம் நடந்துச்சு, ராஜகோபால் வாத்தியார் நடத்துனது, ஆம்பளைங்க மட்டும் வேஷம் கட்டுன கூத்துல பொம்பளப் பிள்ளைங்க கட்டை, அதாவது கூத்துக்கான மர அணிகலன், கட்டிக்கிட்டு வந்து நின்னது அங்கதான். நீங்க படிச்ச ஸ்கூல்லேர்ந்து ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போனாங்களான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வீங்க, அது உங்க தப்பு இல்ல. ஆனா இப்ப வயசாயிடுச்சு, பைக் இருக்கு.

ரசனை இல்லன்னு மட்டும் இன்னொரு தடவை எழுதாதீங்க. ராத்திரி பத்து மணிக்குப் பாய் விரிச்சு உக்காந்து விடியக்காலம் வரைக்கும் கர்ண மோட்சம் பாக்கற கிழவிக்கு, பாட்டுக்காரர் ஒரு விருத்தத்தை முழுங்கிட்டாருன்னா தெரிஞ்சுடும், காலையில டீக்கடையில அதைப் பத்திப் பேச்சு நடக்கும்.

நீங்க நாடகம் ஒரு நாள், இசை ஒரு நாள், ஓவியம் ஒரு நாள்னு பிரிச்சீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு நின்னுபோச்சு. கூத்துல எதை எதுலேர்ந்து பிரிப்பீங்க? தலையில வைக்கிற கிரீடம், தோள்ல கட்டற புஜக்கட்டை, மார்ல கட்டற பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செதுக்குனது, கனமில்லாத மரம், ராத்திரி பூரா ஆடணுமே. அதுல கண்ணாடிச் சில்லு பதிக்கிறான், எதுக்கு? ஆள் கிரிக்கை போட்டு, அதான் சுழன்று சுழன்று, ஆடும்போது வெளிச்சம் சிதறணும். அப்ப அது சிற்பமா, ஆட்டமா? முகவீணைய எடுத்துக்குங்க, சாண் நீளம் கொஞ்சம் கூடுதலா இருக்கற ஒரு குழல், அந்தச் சத்தம் மைக் இல்லாத காலத்துல தெருவைத் தாண்டி வயக்காடு வரைக்கும் போச்சு. திரைக்குப் பின்னாடி ராஜா நிக்கும்போதே அந்த முகவீணையும் மிருதங்கமும் அவனைப் பாதி வரைஞ்சு முடிச்சிடும், திரை விலகுனா மிச்சம்தான் தெரியும்.

இது எல்லாத்தையும் விட, படுகளம், பாரதத்தோட கடைசி நாள்ல மண் துரியோதனனை வீழ்த்தற களம். நீங்க பாத்திருப்பீங்க, பாக்காம இருந்திருக்க முடியாது, ஆனா அதைச் சிற்பம்னு நெனச்சிருக்க மாட்டீங்க, நானும் நெனக்கல. எனக்கு அப்ப 10 வயசு இருக்கும். திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிர்ல இருக்கற வெளியில முந்தின நாளே வண்டி வண்டியா மண்ணு கொண்டாந்து கொட்டி, தண்ணி ஊத்தி மிதிச்சு வச்சிருந்தாங்க. ராத்திரி பதினெட்டாம் போர் கூத்து ஒரு பக்கம் ஓடுது, இந்தப் பக்கம் அந்த மனுஷன் ரெண்டு பசங்களை வச்சுக்கிட்டு துரியோதனனைப் படுக்க வைக்கிறாரு. 40 அடி இருக்கும். ஒல்லியான ஆளு, வேட்டிய மடிச்சுக் கோவணம் மாதிரி கட்டியிருந்தாரு, வரைபடம் ஏதும் கையில இல்ல. எனக்குத் தூக்கம் வரலன்னு பாட்டிகிட்ட சொல்லிட்டு அங்கயே நின்னேன். விடியற நேரம் தலை முடியுது, கிட்ட நின்னு பாத்தா உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெருசா இருக்கு. "தலை ஏன் இவ்ளோ பெருசு?"ன்னு கேட்டேன். அவரு திரும்பிப் பாக்கல. "கால்மாட்டுல போய் நின்னு பாரு"ன்னாரு.

போய் நின்னேன் தம்பி. சரியா இருந்துச்சு. ஜனங்க கூடறது அந்தப் பக்கம்தான். 40 அடிக்கு அந்தாண்ட இருக்கற முகம் கால்மாட்டுல நிக்கறவனுக்குச் சின்னதாயிடும், அதுக்காக அவரு முன்கூட்டியே பெருசா போட்டிருக்காரு, மீசையையும் அதே கணக்குல தூக்கி விட்டிருக்காரு. அப்புறம் பக்கத்துல இருந்த புளியமரத்துல ஏறி மேலேர்ந்து கொஞ்ச நேரம் பாத்தாரு, எறங்கி வந்து எடது கண்ணை மட்டும் கலைச்சுட்டுத் திரும்ப வரைஞ்சாரு. சுண்ணாம்பு, காவி, கரி, இவ்ளோதான் நெறம். தொடைக்குள்ள ஒரு பானையில செவப்புத் தண்ணி வச்சு மூடுனதையும் நான் பாத்தேன், யார்கிட்டயும் சொல்லாதன்னு கையைக் காமிச்சாரு, நானும் சொல்லல.

வெயில் ஏறினப்ப கூத்து அங்க வந்துச்சு. ராத்திரி பூரா பாடித் தொண்டை கட்டிப்போன துரியோதன வேஷக்காரர் அந்த மண் துரியோதனன் மேலயே ஏறி ஓடறாரு, பீமன் தொரத்தறான், ராத்திரியெல்லாம் பெட்ரோமாக்ஸ்ல மின்னுன அந்தக் கண்ணாடிச் சில்லெல்லாம் இப்ப சூரியன்ல அடிக்குது, முகவீணை கத்துது, பின்பாட்டுக்காரங்களோட சேந்து சனம் பூரா கத்துது. தொடையில அடி விழுந்து செவப்பு பீறிட்டதும் எனக்குத் தெரிஞ்ச ரகசியம்தான்னாலும் ஒடம்பு நடுங்கிடுச்சு. பாஞ்சாலி கூந்தல் முடிஞ்சா. காந்தாரி முகாரியில அழ ஆரம்பிச்சப்ப என் பாட்டியும் அழுதா. நாடகம், இசை, சிற்பம், பாக்கறவங்க, நாலும் ஒரே வெளியில ஒரே வெயில்ல நின்னாங்க. அதுக்குப் பேரு கலைச்சூழல் இல்லன்னா எதுக்கு அந்தப் பேரு?

கொஞ்ச நேரத்துல துரியோதனன் இல்ல. ஜனங்க மண்ணை அள்ளிட்டுப் போயிட்டாங்க, நெல்லுல போட்டு வச்சா கொறையாதுன்னு நம்பிக்கை. அந்த மனுஷனே ஒரு கை மண்ணை அள்ளி பாட்டி முந்தானையில போட்டாரு. ராத்திரி பூரா செஞ்சதை ஒடைக்கறப்ப அவரு முகத்துல வருத்தம் ஒண்ணும் இல்ல, கை கழுவத் தண்ணி எங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு.

நான் பின்னாடி சென்னைக்குப் போய், 1966ல கே.சி.எஸ். பணிக்கர் முன்ன நின்னு இஞ்சம்பாக்கத்துல ஆரம்பிச்ச சோழமண்டலத்தைப் பத்தி மாஞ்சு மாஞ்சு எழுதினேன், அதுல எனக்கு வெக்கம் இல்ல, எழுத வேண்டிய விஷயம்தான், ஓவியம் வரைய காசு வேணும்னு பாத்திக் துணி போட்டு வித்துத் தங்களைத் தாங்களே காப்பாத்திக்கிட்ட ஓவியர்கள் அவங்க. ஆனா அந்தப் புளியமரத்துல ஏறுன ஆளைப் பத்தி ஒரு வரி எழுதல. போன மாசம் ஊருக்குப் போனப்ப, பழைய பாரத நோட்டீஸ் ஒண்ணு ஒரு வீட்டுல கெடச்சுது. ஜமா, அதான் கூத்துக் குழு, பேரு இருக்கு, வாத்தியார் பேரு இருக்கு, பிரசங்கியார் பேரு, பந்தல்காரர், மைக்செட்காரர் பேரு வரைக்கும் இருக்கு. மண்ணு அடிச்சவர் பேரு இல்ல. கேட்ட பெரியவங்க எல்லாம் "அவருதான்பா, அவரு"ங்கறாங்க. அன்னிலேர்ந்து எனக்குச் சரியா தூக்கம் இல்ல.

அதனால அடுத்த விழா மண்டபத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். பங்குனிலேர்ந்து ஆடி வரைக்கும் உங்களைச் சுத்தி எத்தனை ஊர்ல பாரதம் நடக்குதுன்னு ஷிஃப்ட் இல்லாத நாள்ல போய்ப் பாருங்க. கடைசி ராத்திரி கூத்து முடியற வரைக்கும் உக்காந்திராதீங்க, மூணு மணிக்கே எழுந்து படுகளத்துக்குப் போயிடுங்க, கண்ணு வரையறதுக்குள்ள போகணும். வேலை செய்யறவர்கிட்ட ஃபோட்டோ எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க. அவரு பேரு, அவருக்குக் கத்துக் கொடுத்தவர் பேரு, கூட மண்ணு மிதிச்ச பசங்க பேரு, எல்லாத்தையும் இனிஷியலோட எழுதிக்குங்க. எந்த ஊரா இருந்தாலும் சரி, எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.