கிம்னாசியமும் அக்காவோட அழுகையும் – கடிதம்

வணக்கம் சார். மியூனிக்ல இருக்கற எங்க அக்கா போன வாரம் போன்ல ஒரே அழுகை. நாலாங்கிளாஸ் படிக்கற பையனுக்கு ஜிம்னாசியம் கிடைக்காது போலயாம். எக்சர்சைஸுக்கா இந்த அழுகைன்னு சிரிச்சுட்டேன், அப்புறம்தான் அது ஸ்கூல்னு தெரிஞ்சுது. பிரான்ஸ்ல 11 வயசுப் பசங்க காலேஜ் போறாங்களாம், இங்கிலாந்துல பப்ளிக் ஸ்கூல்னா பிரைவேட்டாம். ஏன் இப்படி ஊருக்கு ஊர் மாறுது? மத்தபடி நல்லா படிக்கற பசங்களை சீக்கிரமே பிரிச்சு எடுக்கறது நல்ல சிஸ்டம்தானே, இங்கயும் கொண்டு வரலாமே?
– பாலாஜி, கோவை

அன்புள்ள பாலாஜி,

தெரியாம சிரிச்சீங்க, சரி. தெரிஞ்சப்புறம் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசினதா கடிதத்துல ஒரு வரி இல்லையே.

பேரு விவகாரம் பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. கிரேக்க ஜிம்னாசியத்துல உடம்பையும் பழக்கினாங்க, தத்துவமும் பேசினாங்க. ஜெர்மன்காரன் படிப்பை எடுத்துக்கிட்டு கிம்னாசியம்னான், இங்கிலீஷ்காரன் தண்டாலை எடுத்துக்கிட்டான். பிரான்ஸ்ல கொலேஜ்ங்கறது 11லேர்ந்து 15 வரைக்குமான ஸ்கூல், அப்புறம் லிசேன்னு மேல்நிலை ஸ்கூல். மிச்சத்தை நீங்களே தேடிப் படிங்க.

உங்க கடைசி வரிதான் என்னை உக்கார வெச்சுது. நான் உங்க அக்கா இருக்கற அதே பவேரியா மாநிலத்துல கொஞ்ச காலம் இருந்தவன். பக்கத்து வீட்டுல யாழ்ப்பாணக் குடும்பம், அப்பாவுக்கு ரெஸ்டாரண்ட் கிச்சன்ல வேலை. அங்க 1தான் பெஸ்ட் மார்க், 6 மோசம். நாலாங்கிளாஸ்ல மே மாசம் ஒரு ரிப்போர்ட் தருவாங்க, ஜெர்மன், கணக்கு, ஊரும் சுத்துப்புறமும் பத்தின பாடம் ஒண்ணு, இந்த மூணோட சராசரி 2.33க்குள்ள இருந்தா நேரா யுனிவர்சிட்டிக்குக் கொண்டு போற கிம்னாசியம், 2.66க்குள்ள இருந்தா நடுத்தட்டு ஸ்கூலான ரியால்ஷூலே, அதுக்கும் மேல போனா தொழில் பக்கம் போற மிட்டல்ஷூலே. அந்த வீட்டுப் பொண்ணுக்கு கணக்குல 2, சுத்துப்புறத்துல 3, ஜெர்மன்ல 3, சராசரி 2.66, அதாவது ரியால்ஷூலேதான். அவ அம்மா சாப்பாட்டு மேசையில கால்குலேட்டரை வெச்சுத் திரும்பத் திரும்பத் தட்டிப் பாத்தா, ஜெர்மன்ல மட்டும் 2 வந்திருந்தா சரியா 2.33. வீட்டுல தமிழ் பேசற புள்ளைக்கு, பத்து வயசுல, ஜெர்மன்ல ஒரே ஒரு மார்க்! அந்தப் பொண்ணு கேட்டதெல்லாம், அடுத்த வருஷமும் தன் ஃப்ரெண்டு இதே பஸ்லதான் வருவாளான்னு. ஃப்ரெண்டுக்கு கிம்னாசியம் கிடைச்சிருந்துது.

இதைத்தான் சார் நல்ல சிஸ்டம்னு சொல்றீங்க. நாலு வருஷம் எல்லாப் பசங்களும் சேர்ந்து படிக்கணும்னு ஜெர்மனியில 1920ல போட்ட சட்டம், பெர்லின், பிராண்டன்பர்க் மாதிரி சில மாநிலம் தவிர மத்த இடமெல்லாம் இன்னும் அந்த நாலுதான். ஹாம்பர்க்ல அதை ஆறாக்கலாம்னு பாத்தப்போ 2010ல ஓட்டுப் போட்டுத் தோக்கடிச்சாங்க. பின்லாந்து 1970கள்லயே இந்தப் பிரிப்பைத் தூக்கிப் போட்டுட்டு 16 வயசு வரைக்கும் எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சுது, 2001 கடைசியில பீசாங்கற, பல நாட்டு 15 வயசுப் பசங்களுக்கு வெக்கற டெஸ்ட்டோட முதல் ரிசல்ட் வந்தப்போ வாசிப்புல அவங்க முதலிடம், ஜெர்மனி சராசரிக்கும் கீழ. அதுலயும் அப்பா அம்மா யாருங்கறதை வெச்சுப் புள்ளையோட மார்க் மாறறது ஜெர்மனியில ரொம்ப அதிகம். ரியால்ஷூலே முடிச்சிட்டு ஃபாக்ஓபர்ஷூலேங்கற தொழில் சார்ந்த மேல்நிலை ஸ்கூல் வழியா மேல படிக்கலாமேன்னு அங்க எல்லாரும் ஆறுதல் சொல்வாங்க, நிஜம்தான், கதவு இருக்கு. ஆனா டாக்டர் வீட்டுப் பையனை யாரும் அந்தச் சுத்து வழிக்கு அனுப்பறதில்ல, டியூஷன் வெச்சாவது நேரா தள்ளிடுவாங்க. இதை இங்க கொண்டு வந்தா யார் வீட்டுப் புள்ளை எந்தப் பக்கம் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?

இன்னிக்கே அக்காவுக்குப் போன் பண்ணுங்க. சராசரி தாண்டிப் போச்சுன்னாலும் மே மாசம் கிம்னாசியத்துலயே மூணு நாள் ப்ரோபே வகுப்பு, அதாவது சோதனை வகுப்பு வெச்சு ஜெர்மன்லயும் கணக்குலயும் டெஸ்ட் எடுப்பாங்க. ரெண்டுலயும் 4 வாங்கினாக்கூட பெத்தவங்க விரும்பினா சேர்த்துக்குவாங்க. பேர் குடுக்கற தேதி எப்போன்னு ஸ்கூல்லயே கேட்டு வெச்சுக்கச் சொல்லுங்க, ரிப்போர்ட் வந்ததும் கொஞ்ச நாள்தான் டைம் இருக்கும்.