டிஸ்சார்ஜுக்கு முன் சிஸ்டரிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூக்கில் உணவு டியூப், சிறுநீருக்கும் டியூப். இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். வார்டு சிஸ்டர் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார், பாதி மறந்துவிட்டது. நாங்களே உடற்பயிற்சி கொடுத்தால் அப்பா சீக்கிரம் நடப்பாரா? ஹோம் நர்ஸ் வைக்க வேண்டுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கையில் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அது போதும். இன்றைக்கே சிஸ்டரிடம் போய், "அடுத்த ஃபீடிங்கை நான் கொடுக்கிறேன், பக்கத்தில் நின்று பாருங்கள்" என்று கேளுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்திலும் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்திலும் கேட்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு கொஞ்சம் அடங்கியிருக்கும், அப்போது கேளுங்கள். அந்த சிஸ்டருக்கு அக்கறை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவரே அத்தனை படுக்கைகளைப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிது.

நர்ஸிங் கல்லூரியில் எந்த வேலையையும் வாயால் சொல்லிக்கொடுத்து மட்டும் மாணவியை வார்டுக்கு அனுப்ப மாட்டோம். நாங்கள் செய்து காட்டுவோம், அவர் எங்கள் கண் முன்னால் திருப்பிச் செய்ய வேண்டும். வீட்டாருக்கும் இதே முறைதான் சரி. டியூப் ஃபீடிங், திருப்பிப் படுக்க வைப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, யூரின் பையைக் காலி செய்வது ஆகிய நான்கையும் நீங்களும் அம்மாவும் ஆளுக்கு ஒரு முறையாவது கையால் செய்த பிறகே கிளம்புங்கள். முடித்ததும், "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று உங்கள் வார்த்தையில் ஒப்பித்துக் காட்டுங்கள். விட்டுப்போனது அங்கேயே தெரிந்துவிடும். சிஸ்டர் அனுமதித்தால் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம்.

டியூப் ஃபீடிங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அதில்தான் அதிகம். தலைப் பக்கத்தை நன்றாக உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் வைத்துக் கொடுங்கள். கொடுத்து முடித்தும் முக்கால் மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். சிரிஞ்சில் ஊற்றிய கஞ்சி தானாக இறங்க வேண்டும், பின்னாலிருந்து அழுத்தித் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுங்கள். எவ்வளவு கஞ்சி, எத்தனை மணிக்கு ஒரு முறை, எவ்வளவு தண்ணீர் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். மாத்திரைகளில் எவற்றைப் பொடிக்கலாம், எவற்றைப் பொடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மெதுவாகக் கரைவதற்காகச் செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பதும், டியூப் நுனியைத் தண்ணீரில் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. இரண்டையும் நம்ப முடியாது. நுரையீரலுக்குள் போன டியூபிலும் அதே சத்தம் கேட்கலாம் என்று அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் நார்மா மெத்தனி 1990-லேயே காட்டினார். டியூப் வழியே உறிஞ்சி எடுத்த திரவத்தை, புளிப்புத்தன்மையை (அமிலத்தை) அளந்து காட்டும் பி.எச். தாளில் பார்த்து, 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வயிறு என்று கொள்வது மேலான முறை. அதை வார்டில் சொல்லித்தரச் சொல்லுங்கள். வீட்டில் ஒவ்வொரு வேளையும், மூக்கு ஓரத்தில் டியூபில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நகர்ந்திருந்தாலோ, அப்பா இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ அந்த வேளை ஃபீடிங்கை நிறுத்திவிடுங்கள். வெளியே வந்துவிட்ட டியூபை நீங்களாக உள்ளே தள்ளவே கூடாது.

அப்புறம், பார்க்க வருகிற உறவினர்கள். "பாவம், நாக்கு வறண்டு கிடக்கு, ஒரு மடக்கு காபியாவது கொடும்மா" என்பார்கள். விழுங்கும் திறனைப் பரிசோதித்து, வாயால் கொடுக்கலாம் என்று மருத்துவமனை சொல்லும் வரை ஒரு ஸ்பூன் தண்ணீரும் கூடாது. நனைத்த துணியால் வாயைத் துடைத்துவிடுங்கள், அந்த வறட்சிக்கு அது போதும்.

யூரின் டியூபைப் பொறுத்தவரை, "இது இன்னும் எதற்கு, எப்போது எடுப்பீர்கள்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நாள் கூடக்கூடத் தொற்றும் கூடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது.

படுக்கைப் புண்ணுக்கு முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடும் வழக்கம் எங்கள் தலைமுறை நர்ஸ்களுக்குப் பாடமாகவே இருந்தது. இப்போது வேண்டாம் என்கிறோம், ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும், நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் கெடுதல். வால் எலும்பு, இடுப்பு ஓரம், குதிகால் மூன்றையும் தினம் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்தால் குதிகால் படுக்கையில் படாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருப்பார்கள். இரவிலும் அப்படியே செய்தால் ஒரு வாரத்தில் அம்மா விழுந்துவிடுவார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரை வைத்துச் செய்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், 2, 3, 4 மணி நேரம் என எந்த இடைவெளியில் திருப்பினாலும் புண் வருவதில் வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்கள். இலவம்பஞ்சு மெத்தைக்கும் தேங்காய் நார் மெத்தைக்கும் இதைப் பொருத்த முடியாது. நல்ல மெத்தை வாங்க முடிந்தால், தோலும் நன்றாக இருந்தால், இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏர் பெட் வாங்கினாலும் திருப்பத்தான் வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து 'அட்டெண்ட்' என்ற ஆய்வு நடந்தது, 2017-இல் வெளியானது. ஒரு பிரிவில் குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே மறுவாழ்வு சிகிச்சை செய்ய வைத்தார்கள், மற்றதில் வழக்கமான கவனிப்பு. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் சேர்ந்து ஒவ்வொரு பிரிவிலும் 47 சதவீதம்தான், அதாவது வீட்டார் கொடுத்த பயிற்சியால் இதில் வித்தியாசம் வரவில்லை. இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு அப்பாவின் கை வராமல் போனால், "நாம் இன்னும் ஒரு மணி நேரம் கூடப் பயிற்சி கொடுத்திருக்கலாமோ" என்று நீங்களும் அம்மாவும் உங்களையே குற்றம் சாட்டிக்கொள்ளக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் சொன்னதைச் சொன்ன அளவுக்குச் செய்யுங்கள். மரத்த கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். உங்கள் பலத்தைப் புரையேறாமலும் புண் வராமலும் பார்ப்பதில் செலவிடுங்கள்.

பிசியோதெரபிஸ்டும் நோய் ஆதரவு நர்ஸும் வீட்டுக்கே வர, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் இருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளோடு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம். காய்ச்சல், மூச்சுத் திணறல், புதிதாக மயக்கம், பேச்சில் திடீர் மாற்றம் என்றால் காத்திருக்காமல் 108.

ஹோம் நர்ஸ் என்று ஏஜென்சிகள் அனுப்புபவர்களில் பலர் நர்ஸிங் படித்தவர்கள் இல்லை. குளிப்பாட்ட, துணி மாற்ற, திருப்பிப் படுக்க வைக்க நல்ல மனதுள்ள ஓர் உதவியாளர் போதும், அதுவே பெரிய உபகாரம். டியூப் வேலையை ஒப்படைப்பதானால் மாநில நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். முழுநேரம் வைக்கக் கட்டுப்படியாகாது என்றால் இரவுக்கு மட்டும் வையுங்கள், வாரத்தில் இரண்டு இரவானாலும் சரி. அந்த இரவுகளில் அம்மாவை வேறு அறையில் கதவைச் சாத்திப் படுக்கச் சொல்லுங்கள்.